தலைத்துண்டை அவிழ்க்கச் சொன்ன டாக்டரம்மா

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நைனா முகம்மது பாய் அவர்களே, டாக்டரம்மாவின் அருமை மகள் மிஷேல் அவர்களே, மாதாகோவிலிலிருந்து வந்திருக்கும் ஃபாதர் அவர்களே, ரெங்கம் பட்டணத்திலிருந்தும் சுற்றிலும் உள்ள தோட்டங்களிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அண்ணன் தம்பிமார்களே, எல்லோருக்கும் அங்கமுத்துவின் வணக்கம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் காகிதத்தைப் பார்த்துப் பேசினார்கள். என் கையில் காகிதம் இல்லை. பார்த்தது, கேட்டது எல்லாம் தலைக்குள்ளேதான் இருக்கிறது. அந்தத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே மேடை ஏறிவிட்டேன். மரியாதை தெரியாத கிழவன் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நான் பயந்துபோய் நிற்கிறேன், ஐயா. இரங்கல் கூட்டத்தில் அழுகை வர வேண்டும். எனக்குப் பயம்தான் வருகிறது.

டாக்டர் கெர்ட்ரூட் அம்மையார்! இந்த ஊரில் கிளினிக் திறந்த நாளிலிருந்து போன மாதம் வரைக்கும், அந்தக் கதவைக் காலையில் திறந்தவனும் சாயங்காலம் பூட்டியவனும் நான்தான். வாசல் பெஞ்சைத் துடைப்பேன், செடிக்குத் தண்ணி விடுவேன், வந்தவர்களை உட்கார வைப்பேன். உள்ளே அவர் வைத்தியம் பார்க்கும் அறைக்கும் என் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் குரல் மெல்லிசு இல்லை. உங்களுக்கே தெரியும். அதனால் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்குப் பாடம்.

காய்ச்சல், இருமல், சர்க்கரை எல்லாம் பார்த்தார்தான். ஆனால் தலைவலி என்று யாராவது வந்துவிட்டால் அவர் முகமே மாறிவிடும். ஏன் தெரியுமா? நாம் தலைவலியை ஒரே வியாதி என்று நினைக்கிறவர்கள். வெயில் பட்டால் தலைவலி, கண்ணேறு பட்டால் தலைவலி, கடன்காரன் வந்தால் தலைவலி. எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்: நெற்றியில் தைலம், வாயில் மாத்திரை, தலையைச் சுற்றி இறுக்கமாகத் துண்டு. தோட்டத்தில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டின காலத்திலிருந்து நமக்கு அதுதான் பழக்கம். நெற்றி நரம்பு தெறிக்கிற அளவுக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய்விடுவோம்.

அப்படிக் கட்டிக்கொண்டு உள்ளே போனால் டாக்டரம்மாவின் முதல் வார்த்தை என்ன? எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

"துண்டை அவுருங்க!"

"அவுத்தா வலி தெரியுதும்மா."

"எனக்குத் தெரியணும்லா! நீங்க இறுக்கிக் கட்டி ஒளிச்சு வெச்சா நான் எங்கே போய்த் தேடுறது?"

அப்புறம்தான் கேள்வி. எப்போ வந்துச்சு? மெதுவா ஏறிச்சா, ஓங்கி அறைஞ்ச மாதிரி வந்துச்சா? இதுக்கு முன்னாடி இதே மாதிரி வந்திருக்கா, இது புதுசா? காய்ச்சல் இருக்கா? எங்கேயாவது விழுந்தீங்களா? கண்ணு மங்குதா? கையோ காலோ மரத்துப்போச்சா? தாடையை நெஞ்சுல வெக்க முடியுதா, வெச்சுக் காட்டுங்க. என்ன மாத்திரை போட்டீங்க, எத்தனை நாளா? பிறகு ரத்த அழுத்தம் பார்ப்பார். கண்ணுக்குள் ஒரு சின்ன விளக்கை அடித்து உற்று உற்றுப் பார்ப்பார். ஆள் ரொம்ப மிரண்டு போயிருந்தால், "மாமியார் வந்தப்புறம் ஆரம்பிச்சதா, அதுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டுச் சிரிக்க வைப்பார்.

ஒருநாள் நானே கேட்டேன்: "ஏம்மா, ஒரு தலைவலிக்கு இவ்வளவு கேள்வியா?"

"அண்ணே, வர்ற தலைவலியில முக்காவாசி சும்மா வந்து சும்மா போறது. மிச்சத்துல ஒண்ணு ஆளைக் கொன்னுடும். ரெண்டும் ஒரே பெஞ்சுலதான் உக்காந்திருக்கும். எது எதுன்னு கேட்டாத்தானே தெரியும்?"

என் பெஞ்சு! நான் துடைத்து வைத்த அதே பெஞ்சு! அன்றிலிருந்து அதில் யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்குள் ஒரு திக்.

என் மருமகள் லோஷினி முன் வரிசையில் இருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாதத்துக்கு இரண்டு தடவை ஒத்தைத் தலைவலி வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி. மூளையில் கட்டி என்று நாங்களே முடிவு செய்து, ஸ்கேன் எடுக்கணும் என்று அழுதுகொண்டே போனோம். டாக்டரம்மா எல்லாம் கேட்டார், எல்லாம் பார்த்தார். "இது சின்ன வயசுலேர்ந்து வர்ற வலி. உங்க அம்மாவுக்கும் இருந்திருக்கு. கட்டியும் இல்லே, கழுதையும் இல்லே. ஸ்கேன் வேணாம்" என்று மாத்திரையும் தூக்கத்துக்கு ஒழுங்கும் சொல்லி அனுப்பினார். வேண்டாத சோதனையை வேண்டாம் என்று சொன்ன வாய் அது. அந்த வாய்தான் வேண்டிய நேரத்தில் ஊரே அதிரக் கத்தும்.

என் மகன் யுகேந்திரன் கதை வேறு. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்தில் நெரிசலில் நின்று, சிங்கப்பூரில் வேலை செய்து, இருட்டித் திரும்புகிறவன். தலைவலி வராமல் என்ன செய்யும்? காலையில் ஒரு மாத்திரை, மத்தியானம் ஒன்று, சில நாளைக்கு வரப்போகிறதே என்று முன்கூட்டியே ஒன்று. டாக்டரம்மா அவனிடம் ஒரு காலி மைலோ டின்னைக் கொடுத்தார். "மாத்திரை போடுறப்பல்லாம் ஒரு புளியங்கொட்டையை இதுல போடு. மாசக் கடைசியில கொண்டா." எழுத்துத் தெரியாத வீடுகளுக்கென்று அவர் கண்டுபிடித்த வழி அது. மாசக் கடைசியில் அவன் கொண்டுபோன டின்னை வாங்கி அவன் காதோரம் வைத்துக் குலுக்கினார். அந்தச் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"கேட்டியா? வலிக்கு மாத்திரை போட்டது போய், இப்ப மாத்திரையே உனக்கு வலியைக் குடுக்குது."

நிறுத்தினான். முதல் இரண்டு வாரம் சுவரில் முட்டிக்கொண்டான். பிறகு விட்டது. இன்றைக்கும் அவன் பாலத்தில்தான் நிற்கிறான், கூட்டத்துக்கு வர முடியவில்லை. ஆனால் மாத்திரை இல்லாமல் நிற்கிறான்.

பெருவெள்ளம் வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? ராஜம்மா தன் புருஷன், பிள்ளைகள், மாமனார் எல்லோரையும் ஒரே வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் தலைவலி, எல்லோருக்கும் குமட்டல். வெள்ளத்து அழுக்குத்தண்ணி என்றோம் நாங்கள். டாக்டரம்மா ஒரே கேள்வி கேட்டார்: "வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஏன் வலிக்கணும்? கரண்டு இல்லாம எப்படிச் சமாளிச்சீங்க?" ஜெனரேட்டரை மழைக்கு நனையாமல் சமையலறைக்குள் வைத்து, சன்னலையும் சாத்தி ஓட்டியிருக்கிறார்கள்! வாசனையே இல்லாத விஷப்புகை. அவர்களை அப்படியே ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கம்பத்துக் கிராமத்தில் வேறு எந்த வீட்டில் ஜெனரேட்டர் உள்ளே ஓடுகிறது என்று பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு முழங்கால் தண்ணியில் நடந்தவர் அவர். எந்த டாக்டர் நடப்பார், சொல்லுங்கள்!

சரி. இப்போது தலைவர் நைனா பாயைப் பற்றி. பாய், நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். ஊருக்கே தெரிந்த கதைதான்.

பாய் கடையில் காலை நேரம். நானும் டாக்டரம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். பாய் தேத்தாரே டீயைக் குவளைக்குக் குவளை இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தவர், "யா அல்லாஹ்" என்று ஒரு சத்தம். குவளை இரண்டும் கையில் நிற்க, முகம் வெளுத்துவிட்டது.

டாக்டரம்மா எழுந்தார். "என்ன பாய்?"

"ஒண்ணுமில்லே டாக்டர். பின்மண்டையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி. வாழ்நாள்ல இப்படி வந்ததில்லே."

"எவ்வளவு நேரமா?"

"இப்பத்தான். ஒரே அடி."

"கீழே வைங்க குவளையை. படுங்க. அண்ணே, வண்டி!"

"அலமாக், என்ன டாக்டர் நீங்க! நாலாம் மேசைக்கு டீ. ஆறிப்போயிடும். குடுத்துட்டு வர்றேன்."

அப்போது அவர் கத்தினாரே ஒரு கத்து! ரோட்டில் போன லாரிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"டீ ஆறட்டும் பாய்!"

மூளையில் ரத்தக்குழாய் கசிந்திருந்தது. ஸ்கேனில் தெரிந்தது, அன்றைக்கே ஆபரேஷன். அதோ, உங்கள் முன்னால் மாலை போடாமல் உட்கார்ந்திருக்கிறார். படமாகத் தொங்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் பெருமையோடு இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் போன மாதம் நடந்ததைச் சொல்லாமல் முடியாது. ஊரில் ஒரு பேச்சு நடக்கிறதே, அதற்காகவாவது சொல்ல வேண்டும்.

மத்தியானம். பெஞ்சில் மூன்று நான்கு பேர். உள்ளே பேச்சு பாதியில் நின்றது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா வெளியே வந்தார். ஒரு கை பின்கழுத்தில். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, நைனா பாய்க்கு வந்தது எனக்கு வந்திருச்சு. வண்டியைக் கூப்பிடுங்க."

வண்டியில் நான்தான் கூட இருந்தேன். வாந்தி எடுத்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பயமா இருக்குண்ணே."

நான் என்ன சொல்வது? இத்தனை வருஷம் அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம், பயந்து வந்த ஒவ்வொருவரிடமும் அவர் சொன்ன ஒரு வார்த்தை உண்டு: "பயமா இருக்கா? இருக்கட்டும். பயத்தோடவே வாங்க, ஆனா வாங்க." அந்த வார்த்தையை அவரிடமே சொன்னேன். "பயத்தோடவே போலாம்மா." லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அதன் பிறகு பேச்சு இல்லை. இரண்டாம் நாள் போய்விட்டார்.

பெரிய கசிவு என்றார்கள். யாராலும் பிடித்து நிறுத்த முடியாத கசிவு. மிஷேல் எனக்கு விளக்கிச் சொன்னது.

ஆனால் ஊர் என்ன சொல்கிறது? "தலைவலி டாக்டர் தலைவலியிலேயே போயிட்டாங்க பாத்தியா! தன் தலையையே காப்பாத்திக்க முடியலே. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பலே. பேசாம தைலத்தைப் போட்டுட்டு வீட்டுல கிட!" கடையில் சொல்கிறார்கள், கோவிலில் சொல்கிறார்கள். கிளினிக் மூடிக் கிடக்கிறது. பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மளிகைக் கடைக்குப் போய் மாத்திரை வாங்குகிறவர்களை நான் பார்க்கிறேன்.

அந்தப் பேச்சை நம்பினவர்களில் நானும் ஒருவன்.

நம்பாமல் என்ன செய்வேன்? எல்லாம் தெரிந்தவர். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதவர். அவருக்கே இந்தக் கதி என்றால் எனக்கு?

மூர்த்தி, நீ எங்கே இருக்கிறாய்? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில்... ஆமாம், உன்னைத்தான். உன் கதையைச் சொல்லப்போகிறேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து புலம்பினதும் உள்ளே போய்ச் சொன்னதும் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"நெத்திப்பொட்டுல வலி டாக்டரம்மா. இந்த வயசுல புதுசா."

"தலை சீவினா வலிக்குதா?"

"தலையில என்னா இருக்கு சீவுறதுக்கு?"

"சரி, தலையணையில வெச்சா?"

"ஐயோ, முள்ளு மேல வெச்ச மாதிரி இருக்கு."

"சாப்பிடுறப்போ?"

"கொஞ்சம் மென்னா தாடை கடுக்குது. புதுப் பல்செட்டுலா, இன்னும் சரியா உக்காரலே."

"அது பல்செட்டு இல்லேண்ணே. கண்ணு எப்படி?"

"வலது கண்ணுல அப்பப்ப திரை இறங்கும், ஏறிடும். முந்தாநாள் இறங்கினது ஏறவே இல்லே."

டாக்டரம்மாவின் குரல் உடைந்து அன்றைக்குத்தான் கேட்டேன். நெற்றிப்பொட்டில் ஓடுகிற ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, அதே வீக்கம் கண்ணுக்குப் போகிற ரத்தத்தையும் அடைத்துவிடும், ஐம்பது தாண்டினவர்களுக்கு வருகிறது என்றார். ரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. அங்கேயே, அப்போதே, வீக்கம் வற்றுகிற மாத்திரையை விழுங்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். போன கண் போனதுதான். மறு கண் தப்பியது. அந்தக் கண்ணால்தான் மூர்த்தி இப்போது என்னை முறைத்துப் பார்க்கிறான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஐயா, அம்மா, டாக்டரம்மாவை அடக்கம் செய்த சில நாளிலேயே எனக்கு இடது நெற்றிப்பொட்டில் வலி வந்தது. அழுத அழுகை என்று நினைத்தேன். துண்டைக் கட்டினேன். அந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க முடியவில்லை. இன்னும் இறுக்கிக் கட்டினேன். போன வாரம் லோஷினி ஆட்டுக்கறி வறுத்து வைத்தாள். நாலு வாய் மென்றதும் தாடை கடுத்தது. பல்செட்டைக் கழற்றிவிட்டுக் கஞ்சி கேட்டேன். "என்ன மாமா, கறி பிடிக்கலியா?" என்று மருமகள் முகம் வாடியது. கறி நன்றாகத்தான் இருந்ததும்மா.

இன்றைக்குக் காலையில், இந்தக் கூட்டத்துக்காகச் சட்டை மாட்டிக்கொண்டு பொத்தான் போடும்போது, இடது கண்ணில் மேலிருந்து ஒரு திரை இறங்கியது. சாம்பல் நிறம். கண்ணாடியில் என் முகத்தின் மேல்பாதி இல்லை. பொத்தானைப் பிடித்தபடியே நின்றேன். பிறகு ஏறிவிட்டது.

லோஷினி, உட்காரும்மா. எழுந்திருக்காதே. இன்னும் கொஞ்சம்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்தவனுக்கு இது என்னவென்று தெரியாதா? தெரியும்! தெரிந்ததால்தான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலை நினைத்தால் அந்தக் கட்டிலில் டாக்டரம்மாவைத் தள்ளிக்கொண்டு போனதுதான் தெரிகிறது. கூட்டம் முடியட்டும், நாளைக்குப் பார்ப்போம், நாளன்றைக்குப் பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கே ஏறி நின்று மூர்த்தியின் கதையை என் வாயாலேயே சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. டாக்டரம்மாவுக்கு வந்தது வேறு, எனக்கு வந்திருப்பது வேறு! இரண்டும் தலைவலிதான், இரண்டும் ஒரே வலியா? ஆயுசு பூராவும் அவர் தொண்டை கிழியச் சொன்னது இது ஒன்றுதானே! அவருடையதை யாராலும் நிறுத்த முடியவில்லை. மூர்த்தியுடையதை நிறுத்தினார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, அவர் சாவையே சாக்காக வைத்து என் கண்ணைக் குருடாக்கிக்கொள்ளப் பார்த்தேன். அவருக்கு இதைவிட அவமரியாதை வேறு உண்டா?

மூர்த்தி, கத்தாதே. இறங்கத்தான் போகிறேன்.

டாக்டர் கெர்ட்ரூட் அம்மையார் விட்டுப்போன வேலையை நாம் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசினவர்கள் எல்லாம் சபதம் செய்தார்கள். நாம் என்ன டாக்டருக்குப் படித்தோமா? நம்மால் வைத்தியம் பார்க்க முடியாது. கேட்க முடியும். வீட்டில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், தைலத்தைத் தேடுமுன் துண்டை அவிழ்க்கச் சொல்வோம். அறைந்த மாதிரி வந்ததா, வயசானபின் புதுசா வந்ததா, காய்ச்சலோடு வந்ததா, விழுந்தபின் வந்ததா, கண்ணோ கையோ காலோ பேச்சோ மாறியதா, வீட்டில் எல்லோருக்குமா என்று கேட்போம். ஆமாம் என்று ஒரு பதில் வந்தாலும் வீட்டில் வைத்திருக்க மாட்டோம். கடை வேன் இனி இரவும் பகலும் அதற்கு நிற்கும் என்று நைனா பாய் கொஞ்சம் முன்னால் சொன்னார். முதல் சவாரி நான்தான், பாய்.

இதோ, துண்டை அவிழ்க்கிறேன். பாருங்கள். நெற்றிப்பொட்டில் கயிறு மாதிரி புடைத்திருக்கிறதே, தெரிகிறதா? மிஷேல், உங்கள் அம்மா தேடுவது இதைத்தான். ஒளித்து வைத்ததற்கு அவர் படத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இந்த விளக்கு, இந்த மாலை, உங்கள் முகங்கள் எல்லாவற்றையும் இரண்டு கண்ணாலும் ஒருதடவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். பயத்தோடேயே போகிறேன், டாக்டரம்மா. ஆனால் போகிறேன்.

லோஷினி, என் அடையாள அட்டையை எடுத்துக்கொள். யுகேந்திரனுக்கு வண்டியில் ஏறினபிறகு போன் பண்ணலாம். பாய், சாவியை எடுங்கள். நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று அம்மையாருக்கு மௌன அஞ்சலி செலுத்துங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

யார் அது, ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாம் என்று கிளாசை நீட்டுகிறது?

டீ ஆறட்டும்.